காப்பித் தோட்டத்தில் கண்ணாமூச்சி: உருமறைப்பு பற்றிப் பிள்ளைகள் கேட்டவை

கோடை விடுமுறை வந்தால், சேலத்தில் நெசவுத் தறிகள் நிறைந்த எங்கள் அம்மாபேட்டைத் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்விடுவேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் இரண்டு பேராவது வாந்தி எடுத்திருப்பார்கள். மீதிப் பேர் கேள்வி கேட்டபடி இருப்பார்கள். ஏரியில் படகு எல்லாம் பிறகுதான். முதலில், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் இரண்டு மணி நேரம் ஓர் ஆட்டம்: ஒளிந்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். பிள்ளைகள் மாறினாலும் மாறாமல் வருகிற கேள்விகள் இவை. அவர்களுக்குச் சொன்ன மாதிரியே பதில்களை எழுதியிருக்கிறேன்.

அத்தை, உருமறைப்பு என்றால் ஒளிந்துகொள்வதுதானே?

கண்ணாமூச்சி விளையாடும்போது நீ கதவுக்குப் பின்னால் போகிறாய். கதவு உன்னை மறைக்கிறது. உருமறைப்பில் கதவே கிடையாது. பூச்சி உன் மூக்குக்கு நேராக, வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். உன் கண்ணும் அதைப் பார்த்துவிடும். ஆனால் உன் மூளை, "சருகு, வேறொன்றுமில்லை" என்று கணக்கு எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

அதனால் எந்த விலங்கைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகு: இது யாருடைய கண்ணை ஏமாற்றப் பார்க்கிறது? உன் கண்ணையா, காகத்தின் கண்ணையா, மானின் கண்ணையா? பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இதைப் பார்க்க மலைக்குத்தான் போகவேண்டுமா?

வேண்டியதில்லை. வீட்டுக் கறிவேப்பிலைச் செடி போதும்.

இலையின் மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார். கரும்பழுப்பு நிறம், நடுவில் வெள்ளைத் திட்டு, ஈரமாக இருப்பதுபோல ஒரு பளபளப்பு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை ரசத்துக்குக் கொத்து பறித்துவிட்டு, எச்சம் என்று குழாயடியில் கழுவப் போனார். எச்சம் நடக்க ஆரம்பித்தது. அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். அவற்றைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகள் சில உண்டு. குட்டிப் புழுவாக இருக்கும்போது அது எச்ச வேஷம் போடுகிறது. எந்தக் குருவிக்கும் எச்சத்தைத் தின்ன ஆசை வராது அல்லவா?

ஆனால் விரல் பருமனுக்கு வளர்ந்த பிறகு இந்த வேஷம் எடுபடாது. அவ்வளவு பெரிய எச்சம் போட எந்தக் குருவியால் முடியும்? அதனால் கடைசியாகத் தோலுரிக்கும்போது புழு பச்சையாகிவிடுகிறது. இப்போது அது இலையோடு இலை. குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி பிளவுபட்ட சிவந்த கொம்பு ஒன்றை நீட்டும். நாற்றமும் வரும். பிறகு கூட்டுப்புழுவாகும்போது மூன்றாவது வேஷம்: பச்சைக் குச்சியில் தொங்கினால் பெரும்பாலும் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியிலோ சுவரிலோ தொங்கினால் பழுப்புக் கூடு.

ஒரே பிறவியில் மூன்று ஒப்பனை! கூத்துக் கலைஞர்கூட விடிய விடிய ஆடினால்தான் இத்தனை வேஷம் கட்டமுடியும். செடிக்கு மருந்து அடிக்காதீர்கள் என்று உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். நாலு இலை போனால் போகட்டும்.

பச்சோந்தியைச் சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாக மாறுமா?

மாறாது. இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வேலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கும், தொண்டை சிவந்த பேர்வழி ஓணான். நம் பக்கத்தில் கரட்டான் என்போம். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்ற பழமொழியில் வருவதும் இவன்தான். ஆண் ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் தலையும் தொண்டையும் சிவந்து நிற்கும். அது மறைவதற்கான நிறம் இல்லை, "இது என் இடம்" என்று தம்பட்டம் அடிக்கும் நிறம்.

பச்சோந்தி வேறு. தென்னிந்தியாவின் வறண்ட காடுகளில் இருக்கிறது, ஆனால் அரிதாகவே கண்ணில் படும். இரண்டு கண்களையும் தனித்தனியாக உருட்டும். கிளையைக் கிடுக்கி மாதிரி பிடிக்கும் கால், உடம்பைவிட நீளமாகப் பாயும் நாக்கு, சுருண்ட வால். ஓணானைவிட மிக மெதுவாக, காற்றில் இலை அசைவதுபோல முன்னும் பின்னும் ஆடி ஆடி நடக்கும்.

அதன் தோலில் நடப்பதுதான் அதிசயம். தோல் செல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் அடுக்கி வைத்தாற்போல் இருக்கின்றன. நெருக்கமாக இருந்தால் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். அதற்கு மேலே மஞ்சள் நிறமி இருப்பதால் நமக்குப் பச்சையாகத் தெரியும். நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை. ஓவிய வகுப்பில் செய்திருப்பாயே, அதேதான். பச்சோந்திக்குக் கோபம் வந்தால் படிகங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். மஞ்சளும் சிவப்பும் திரும்பிவரும். மடகாஸ்கர் தீவின் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து, ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதை 2015ல் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் ஏன் மாறுகிறது? சண்டைக்கு, துணை தேடுவதற்கு, குளிர்காலக் காலையில் உடம்பைக் கருமையாக்கி வெயிலைக் குடிப்பதற்கு. மறைவதற்கு அதன் சாதாரணப் பச்சையும் ஆமை நடையுமே போதும். கட்சி மாறுகிறவர்களைப் பச்சோந்தி என்று திட்டுகிறோம். மனதில் இருப்பதைத் தோலிலேயே காட்டிவிடுகிற ஒரு பிராணிக்கு இது பெரிய அநியாயம் என்பது என் கட்சி.

நீ நினைக்கிற மாதிரி நொடியில் பின்னணிக்கு ஏற்ப மாறுகிறவர் கடலில் இருக்கிறார்: ஆக்டோபஸ். நிறம் மட்டுமில்லை, தோலைப் பாறைபோல முண்டும் முடிச்சுமாகவும் ஆக்கிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அதன் கண்ணில் ஒளியுணரும் நிறமி ஒரே வகைதான். நமக்குத் தெரிகிற விதத்தில் அதற்கு நிறங்கள் தெரியாது!

புலி ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருக்கிறதே, அது எப்படி மறையும்?

யாருடைய கண்ணுக்கு என்று கேள்.

உன் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. அதற்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. நீ ஆரஞ்சு என்று சொல்லும் புலி, மானுக்குப் புல்லின் நிறத்தில்தான் இருக்கும். மேலே கறுப்பு வரிகள் வேறு. புல்லின் நிழல் என்று மான் நினைத்துக்கொள்ளும்.

புலியே பச்சையாகப் பிறந்திருக்கலாமே என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. பாலூட்டிகளின் ரோமத்தில் நிறம் கொடுப்பது மெலனின். அதில் கறுப்பு, பழுப்பு வகை ஒன்று; மஞ்சள், செம்மை வகை ஒன்று. பச்சை கிடையாது. இருக்கிற சாயத்தை வைத்துத்தானே நெசவு செய்யமுடியும்? இதை அம்மாபேட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

பறவைகள் பக்கம் கதை தலைகீழ். பெரும்பாலானவற்றுக்கு நான்கு வகைச் செல்கள். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் பலவற்றுக்குத் தெரியும். நம் கறிவேப்பிலைப் புழு ஏமாற்றவேண்டியது அந்தக் கண்ணை. நம்மை ஏமாற்றுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

(ஏற்காட்டில் புலி வருமா என்று கேட்டு வேனை விட்டு இறங்காதவனுக்கு: வராது. புலிக்குச் சத்தியமங்கலம் பக்கம் போகவேண்டும்.)

அவ்வளவு பெரிய காட்டெருமை எப்படிக் கண்ணில் படாமல் நிற்கிறது?

நிழல். காலை மூடுபனியில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, அந்தக் கரிய உடம்பு இன்னொரு நிழலாகிவிடும். அசையாமல் நிற்கும். நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருக்கும், அதைத் தேடு. பார்த்தால் கிட்டே போகாமல், சத்தம் போடாமல் பின்வாங்கி வந்துவிடு. அதோடு செல்ஃபி வேண்டாம்.

மீனுக்கு வயிறு ஏன் வெள்ளை?

மேட்டூர் அணை மீன் விற்கும் கடையில் கெண்டையைக் கவனித்திருக்கிறாயா? முதுகு கருமை, வயிறு வெள்ளி.

வீட்டில் ஒரு முட்டையை எடுத்து வெயிலில் வைத்துப் பார். முழுக்க ஒரே வெள்ளைதான். ஆனாலும் மேல்பக்கம் பளிச்சென்றும் கீழ்ப்பக்கம் நிழல் படிந்தும் தெரியும். அந்த நிழலை வைத்துத்தான், "இது தட்டையில்லை, உருண்டையான பொருள்" என்று மூளை கண்டுபிடிக்கிறது. மீன் என்ன செய்கிறது? வெளிச்சம் விழும் முதுகைக் கருப்பாக்கி, நிழல் விழும் வயிற்றை வெளுப்பாக்கி, கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறது. உருண்டை தட்டையாகிவிடுகிறது. கூடவே இன்னொரு லாபம்: மேலிருந்து பார்க்கும் கொக்குக்கு ஆழத்து இருட்டு தெரியும், கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வானத்து வெளிச்சம் தெரியும். மானுக்கும் முயலுக்கும் வயிறு வெளுத்திருப்பதைக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போகும்போது பார்.

இதை 1896ல் எழுதி விளக்கியவர் விஞ்ஞானி இல்லை, ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். நிழல் தீட்டித் தீட்டிப் பழகிய கை அல்லவா! பிறகு அவருக்கு ஆர்வம் தலைக்கேறிவிட்டது. பூநாரை இளஞ்சிவப்பாக இருப்பது, அந்தி வானத்தில் மறைவதற்காக என்று சொல்லிவிட்டார். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டே அவரோடு சண்டைக்குப் போனார். பூநாரை விஷயத்தில் ரூஸ்வெல்ட் பக்கம்தான் நியாயம். அந்த நிறம் அது தின்னும் இரையிலிருந்து வருகிறது.

மாமரத்தில் எறும்புக்கு எட்டுக் கால் பார்த்தேன். நான் தப்பாக எண்ணிவிட்டேனா?

சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய். நீ பார்த்தது சிலந்தி.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செம்முசுறு எறும்பை உனக்குத் தெரியும். கடித்து, கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். பல பறவைகளும் பூச்சிகளும் அதன் பக்கமே போகாது. அந்தப் பயத்தைக் கடன் வாங்கிக்கொண்டு பிழைக்கிறது ஒரு சிலந்தி. அதே செம்பழுப்பு, அதே மெல்லிய இடுப்பு. எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. முன்கால் இரண்டையும் தூக்கி ஆட்டி, அவை உணர்கொம்புகள் என்று நம்பவைக்கிறது. பயமுறுத்திப் பார், குட்டு உடைந்துவிடும்: எறும்பு சண்டைக்கு வரும், சிலந்தி நூலில் தொங்கித் தப்பிக்கும்.

இது மறைவதும் இல்லை, வேறொருவராக நடிப்பது. வண்ணத்துப்பூச்சிகளிலும் உண்டு. ஆடுதின்னாப்பாளைக் கொடியைத் தின்று வளரும் ரோஜா வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பெல்லாம் நஞ்சு. ஒருமுறை தின்று துப்பிய குருவி மறுபடி தொடாது. கறிவேப்பிலையில் வளரும் ஒரு வண்ணத்துப்பூச்சியில், பெண்களில் சில அப்படியே அந்த ரோஜாவின் சிவப்பு, வெள்ளைத் திட்டுகளைப் போட்டுக்கொண்டு பறக்கும். அவற்றிடம் நஞ்சே இல்லை! இந்த மாதிரிப் போலித்தனத்தை 1862ல் விளக்கியவர் ஹென்றி பேட்ஸ், அமேசான் காட்டில் பல வருடம் பூச்சி பிடித்தவர். இது கள்ள நோட்டு வியாபாரம் மாதிரிதான். கள்ள நோட்டு அதிகமானால் கடைக்காரர் எல்லா நோட்டையும் உரசிப் பார்ப்பார். போலிகள் பெருகினால் குருவியும் துணிந்து கொத்திப் பார்க்கும்.

குச்சிப்பூச்சிக்குத் தான் குச்சி மாதிரி இருக்கிறோம் என்று தெரியுமா?

இதைக் கேட்டவனுக்கு எட்டு வயது. நான் ஒரு நிமிடம் வாயடைத்து நின்றேன்.

தெரியாது. கண்ணாடி பார்த்து யாரும் அதற்கு ஒப்பனை போட்டுவிடவில்லை. கொஞ்சம் குச்சி மாதிரி இருந்தவை பிழைத்தன, இல்லாதவை குருவி வயிற்றுக்குப் போயின. பிழைத்தவற்றின் குஞ்சுகள் அவற்றைப் போலவே இருந்தன. இப்படியே லட்சக்கணக்கான தலைமுறைகள். குருவியின் கண்தான் குச்சிப்பூச்சியைச் செதுக்கிய உளி.

இது மனிதர்கள் கண்ணெதிரிலேயே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் மிளகுப்பொடி தூவினாற்போல ஒரு வெள்ளை அந்துப்பூச்சி உண்டு. பாசி படர்ந்த மரப்பட்டையில் அது தெரியாது. ஆலைகளின் புகையால் மரங்கள் கறுத்தன. மான்செஸ்டரில் 1848ல் ஒரு கறுப்பு அந்துப்பூச்சி கிடைத்தது. 1895ல் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு! 1956ல் காற்றைச் சுத்தமாக்கச் சட்டம் வந்தது, புகை குறைந்தது, மறுபடி வெள்ளை பெருகியது. எந்தப் பூச்சியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. யார் பிழைத்தார்கள் என்பதுதான் மாறியது.

சேலத்திலிருந்து வரும்போது வழியில் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் குன்றுகளைப் பார்த்தோமே, அங்கே ஒரு பழுப்பு வெட்டுக்கிளியும் ஒரு வெளுத்த வெட்டுக்கிளியும் குதித்தால் வல்லூறு எதைப் பிடிக்கும்? திரும்பும்போது வேனில் பதில் சொல்.

இங்கே பனி விழாதே. பருவத்துக்கு ஏற்றபடி மாறும் விலங்கு நம் ஊரில் உண்டா?

வடதுருவப் பக்கம் குளிர்காலத்தில் வெள்ளையாகும் முயலைப் படத்தில் பார்த்திருப்பாய். நமக்குப் பனிக்குப் பதில் மழையும் வறட்சியும். அந்தி நேரத்தில் வாசல் விளக்கடியில் வந்து உட்காரும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பிறந்தால் இறக்கையின் அடியில் வரிசையாகக் கண் போன்ற புள்ளிகள் இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்தால் புள்ளிகள் மங்கிப்போய், நடுநரம்பு ஓடும் சருகாகவே இருக்கும். ஒரே இனம்தான். புழுவாக இருக்கும்போது பட்ட வெப்பமும் ஈரமும் எந்தச் சட்டை என்று முடிவு செய்துவிடுகின்றன.

பறவை தரையில் முட்டையிட்டால் யாராவது மிதித்துவிட மாட்டார்களா?

அதனால்தான் ஆள்காட்டிக் குருவி அந்தக் கத்து கத்துகிறது. சேலத்தைச் சுற்றியுள்ள கரடுகளிலும் ஏரிக்கரைகளிலும் சரளைக் கல் நடுவே சாதாரணமாக நான்கு முட்டைகள் வைக்கும். கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முட்டையும் கல்லும் ஒரே நிறம், ஒரே புள்ளி. நீ கிட்டே போனால் தாய் தள்ளிப் போய் நின்று கத்தி, உன்னை வேறு பக்கம் இழுக்கும். அது கத்தும் இடத்தில் முட்டை இருக்காது, காலடியைப் பார்த்து வை.

பக்கிக் குருவிக்குக் கத்தவும் அவசியமில்லை, தாயே சருகு. பகல் முழுக்கத் தரையில் கண்ணை இடுக்கிக்கொண்டு படுத்திருக்கும். மிதிக்கப் போகும் வரை பறக்காது. இரவில் மலை இறங்கும்போது சாலை நடுவே சிவப்பாக இரண்டு நெருப்புத் துண்டு மின்னி, வேன் நெருங்கியதும் எழுந்து பறந்ததே, அதுதான். பேய் என்று பின் சீட்டில் அழுதவர்கள் பெயரை நான் எழுதமாட்டேன்.

ஆப்பிரிக்கப் பக்கிகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஒவ்வொரு பறவையும் தன் இறகுக்குப் பொருந்துகிற தரையாகப் பார்த்து உட்காருகிறதாம். அதற்குத் தன் நிறம் தெரியுமா என்று கேட்காதே, குச்சிப்பூச்சிக்குச் சொன்ன பதிலை இங்கே அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

வரிக்குதிரை?

புல்வெளியில் மறைவதற்காக என்றுதான் நானும் முப்பது வருடம் பாடம் நடத்தினேன். இப்போதைய சோதனைகள் வேறு சொல்கின்றன: வரிகள் குழப்புவது கடிக்கும் ஈயை. குதிரைக்கு வரிச்சட்டை போட்டுப் பார்த்தார்கள், ஈயால் சரியாக இறங்கமுடியவில்லை. ஜப்பானில் மாட்டுக்கு வெள்ளை வரி அடித்தார்கள், கடி ஏறத்தாழப் பாதியானது. நாம் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்போடு நிறுத்திக்கொள்கிறோம்.

கண்டுபிடித்ததைக் கையில் எடுக்கலாமா?

கூடாது. கண்ணாடி விரியனும் சருகு மாதிரிதான் இருக்கும், அதன் நஞ்சு ஆளைக் கொல்லும். சருகுக் குவியலிலும் கல் இடுக்கிலும் கை விடாதே, முழுச் செருப்பு போடு. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போகவேண்டும். காப்பிச் செடியில் கொடிபோலத் தொங்கும் பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பது கட்டுக்கதை, ஆனாலும் தொடவேண்டாம். கம்பளிப்பூச்சி கொல்லாது, ஆனால் இரவெல்லாம் சொறியவைக்கும்.

எனக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லையே, அத்தை?

நீ நடந்துகொண்டே தேடுகிறாய். ஒரே செடி முன்னால் ஐந்து நிமிடம் உட்கார். பூச்சியைத் தேடாதே, அது விட்ட தடயத்தைத் தேடு: கடித்த இலை, கீழே மிளகு மாதிரிப் புழுவின் சாணம், இலைக்குப் பொருந்தாத நிழல். குச்சிக்குக் குச்சி அச்சாக ஒரே மாதிரி இருபுறமும் கிளை விட்டிருந்தால் சந்தேகப்படு. மரத்துக்கு அவ்வளவு ஒழுங்கு வராது.

ஊரில் பழக வேண்டுமானால் தறிப்பட்டறையில் கழிவு நூல் கேள். பச்சை, பழுப்பு, சிவப்பு, ஒவ்வொன்றிலும் இருபது துண்டு. ஒருவர் புல்தரையில் தூவட்டும், மற்றவர்கள் குருவிகள். ஒரு நிமிடத்தில் எத்தனை பொறுக்கினீர்கள் என்று நிறவாரியாக எண்ணுங்கள். பிறகு அதையே செம்மண்ணில் செய்துபாருங்கள்.

நான் மறையமுடியுமா?

போன வருடம் ஒருவன் மறைந்தான். பழுப்புச் சட்டை, மேலே சேற்றில் கைவிரலால் ஒழுங்கில்லாத திட்டுகள். ராணுவ உடுப்பில் இருப்பதும் அதே தந்திரம்தான்: திட்டுகள் உடம்பின் ஓரக்கோட்டை உடைத்துவிடும், எங்கே தோள் முடிகிறது, எங்கே மரம் தொடங்குகிறது என்று மூளைக்குப் பிடிபடாது. மிளகுக்கொடி ஏறிய மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்துவிட்டான். நானும் ஏழு பிள்ளைகளும் இரண்டு முறை அவனைத் தாண்டிப் போனோம். மூன்றாம் முறை போகும்போது அவன் காலில் எறும்பு ஏறியிருந்தது. நிஜ எறும்பு. ஆறு கால்தான், பிறகு எண்ணிப் பார்த்தோம்.